எட்டியப்பன் போட்ட ஷேடு

நாலுவழிச் சாலை வருகிறது என்று சொல்லி, கானாறு கூட்டுரோட்டில் நின்ற தூங்குமூஞ்சி மரங்களையும் புங்க மரங்களையும் வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்ட வருஷத்துச் சித்திரையில், பெயிண்டர் எட்டியப்பன் ஒரு எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி அதில் தன் பெண்சாதிக்கு ஒரு போர்டு எழுதினான், அந்த எழுத்துகளுக்கு அவன் போட்ட நிழல் தகரத்தோடு நிற்காமல் இறங்கித் தரையில் விழுந்தது, விழுந்த இடம் குளிர்ந்தது, அதற்குப் பிறகு எங்கள் ஊர் நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும், நிழலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

முதலில் பெண்சாதி. கன்னியம்மா பஸ் நிறுத்தத்து மூலையில் கூடை வைத்து அவித்த வேர்க்கடலை விற்பவள். எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். தலைக்கு மேல் இருந்த புங்க மரத்தைப் பிடுங்க வந்தவர்கள் அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள், தள்ளி உட்கார்ந்தாள், மரம் போனதும் திரும்ப அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள், மரம் இருந்த இடத்தில் இப்போது வெயில் இருந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் கூடைமேலேயே சாய்ந்துவிட்டாள். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய டாக்டரம்மா, “இனிமே வெயில்ல உக்காந்தீங்கன்னா, அடுத்த தடவை என்கிட்ட கூட்டிட்டு வர வேண்டிய அவசியமே இருக்காதும்மா” என்றாள்.

“மல்லாட்டைய ஊட்டுல குந்திக்கினு யாருக்கு விக்கறது, இவருக்கா?” என்று படுத்தபடியே புருஷனைக் காட்டினாள் கன்னியம்மா. “ஊர்ல கீற எல்லா மூஞ்சிக்கும் பேரு எழுதிக் குடுத்தாரு. பொண்டாட்டி தலைக்கு மேல ஒரு தகரம் மாட்டத் துப்பில்ல.”

எட்டியப்பனுக்குச் சுருக்கென்றது. கூட்டுரோட்டில் அவன் எழுதாத கடை கிடையாது, லாரி கிடையாது, பள்ளிக்கூடச் சுவர் கிடையாது. எழுத்தைப் பற்றி அவனுக்குப் பெருமை இல்லை, பெருமையெல்லாம் எழுத்துக்குப் பக்கத்தில் போடுகிற நிழலில்தான். அதை அவன் ஷேடு என்பான். “எழுத்து எவன் வேணா எழுதுவான், ஷேடு போடறவன்தான் பெயிண்டரு” என்று ஜப்பார் பாய் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லுவான். எழுத்து காய்ந்த பிறகு, கறுப்பில் ஒரு துளி நீலம் விட்டு, டர்பன்டைன் ஊற்றி நீர்க்கவைத்து, தட்டை பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கமாகக் கீழே இழுத்துவிடுவான். போர்டுக்கு இடப்பக்கம் மேலே ஒரு சூரியன் இருப்பதாக மனசில் வைத்துக்கொண்டு போட வேண்டும், அந்தச் சூரியன் கடைசி எழுத்து வரைக்கும் இடம் மாறக் கூடாது. நிஜச் சூரியன் என்ன செய்கிறது என்பதைப் பற்றி அவன் கவலைப்பட்டதே இல்லை.

‘கன்னியம்மா மல்லாட்டைக் கடை’ என்று எழுதிய தகரத்தை மின்கம்பத்தில் கட்டிவிட்டு அவன் இறங்கியபோது, உச்சிவெயிலில், கம்பத்தின் நிழலே கம்பத்தின் காலடியில் சுருண்டு கிடந்த நேரத்தில், எழுத்துகளின் நிழல் மட்டும் ஒரு பாயை உதறி விரித்தாற்போல் கூடைமேலும் கன்னியம்மாமேலும் அவளைத் தாண்டி இரண்டு ஆள் உட்காரும் இடத்தின்மேலும் வந்து விழுந்தது. மெய்யெழுத்துப் புள்ளிகளின் நிழல் காசு காசாக ஓரத்தில் விழுந்தது, அவற்றைக் கோழிக்குஞ்சுகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. ஜப்பார் பாய் டீக்கடையிலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார், வந்தார், நிழலுக்குள் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“நல்லா கீதேப்பா. எனக்கும் ஒன்னு போடு.”

அவ்வளவுதான் நாங்கள் பட்ட ஆச்சரியம். ஏன் அந்தத் தகரத்திலிருந்து, ஏன் அன்றைக்கு என்று யாரும் கேட்கவில்லை; கேட்கிற அளவுக்கு யாருக்கும் வியர்வை குறைவாக இல்லை. அன்றிலிருந்து எட்டியப்பன் புதிதாகப் போட்ட ஷேடெல்லாம் தரைக்கு இறங்கியது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கள் கம்ப்யூட்டரில் எழுத்துக்கு நிழல் வைத்து அடித்துப் பார்த்தார்கள், அதன் கீழே நின்றவர்களுக்குத் தலைவலி வந்தது.

எழுத்து எவ்வளவோ நிழல் அவ்வளவு என்பது இரண்டாம் நாளே ஊருக்குப் புரிந்துவிட்டது. ‘ஜப்பார் டீ’ என்று எழுதினால் ஒரு பெஞ்சுக்குத்தான் வந்தது, ஆகவே பாய் தன் அப்பா பெயரைச் சேர்த்தார், பாட்டனாரைச் சேர்த்தார், கடைசியில் ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை’ என்று சேர்த்தார், நாலு பெஞ்சு போட்டார். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவன் கடை ‘அனைத்துவித நவீன டயர் ட்யூப் பழுது நீக்கும் தலைமை நிலையம்’ ஆனது. பெயர் சின்னதாக இருந்த பெண்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போனது. இரண்டெழுத்துப் பெயரை வைத்துக்கொண்டு எந்த வாசலில் மாட்டுவது என்று மாப்பிள்ளை வீட்டார் வெளிப்படையாகவே கேட்டார்கள். கட்சிக்காரர்கள், வழக்கமாகச் சுவரில் வருஷம் போட்டு இடம் பிடிப்பதைப்போலவே, விழாத நிழலுக்கும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அடுத்த இரண்டு தேர்தல் வரை முன்பதிவு என்று எழுதிவைத்தார்கள். வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நட வேண்டும் என்று மேலே இருந்து வந்த உத்தரவுக்குப் பேரூராட்சி, நிழல் போதிய அளவில் உள்ளது என்று பதில் எழுதிப் போட்டது.

பெரிய தெருவுக்குத்தான் கொஞ்சம் சங்கடம். பெரிய தெருவில் வஜ்ஜிரவேலு என்று ஒருவர், பெயிண்ட் கடையும் கல்யாண மண்டபமும் வைத்திருப்பவர். அந்தத் தெருவில் எட்டியப்பனின் தாத்தா நடந்து போக வேண்டுமென்றால் உச்சிவெயிலில்தான் போக வேண்டும், அப்போதுதான் அவர் நிழல் அவர் காலடியிலேயே கிடக்கும், யார்மேலும் விழாது. காலையில் சாயங்காலத்தில் போய் நிழல் நீண்டுவிட்டால், அது எந்த வாசலில் பட்டதோ அந்த வாசலைக் கழுவிவிட்டு, கழுவிய தண்ணீருக்கும் தாத்தாவையே ஏசுவார்கள். இப்போது அந்தத் தாத்தாவின் பேரன் கையால் விழுகிற நிழலில் உட்காரலாமா என்று மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மண்டபத்தில் மின்வெட்டு, எல்லாரும் விசிறிக்கொண்டே பேசினார்கள்.

வஜ்ஜிரவேலு எழுந்து, “கை அவனுது, இல்லேங்கல. பெயிண்டு யார் கடையுது? எங்கடையுது. அப்ப நிழல் யாருது?” என்றார். சபை கைதட்டியது. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு, எட்டியப்பனுக்கு விற்கிற டின்களில் மட்டும் துளி கோமியம் விட்டுக் கலக்கினார்கள். அந்தப் பெயிண்ட் பிடிக்காமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, நிழலில் ஓட்டை விழுந்து, வஜ்ஜிரவேலுவின் வழுக்கையில் சரியாக அந்த அளவுக்குக் கொப்புளம் கிளம்பிய பிறகு, டர்பன்டைனே எல்லாத் தீட்டையும் எடுத்துவிடும் என்று இன்னொரு கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். ‘டே எட்டி’ என்று இருந்தவன் ‘எட்டியப்பா’ ஆனான். தெருவுக்குள் வர நேரம் பார்க்க வேண்டியதில்லை, ஏணியோடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஏணி இல்லாமல் வருவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சேர்மன் கூப்பிட்டனுப்பினார்.

சேர்மன் துவாரகநாதன் பேரூராட்சித் தலைவர். தேர்தல் வரப்போகிறது. எட்டியப்பன் அவர் அறைக்குள் போனதும், “வாங்க ஓவியரே, உக்காருங்க” என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். எட்டியப்பன் அந்தக் கட்டடத்துக்கு வெளியேயும் உள்ளேயும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறான், அறைக் கதவில் சேர்மன் பெயரை எழுதியவனே அவன்தான், அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தான். சுழலும் நாற்காலி. காலால் லேசாக உந்திப் பார்த்தான், அது சுழன்றது, ஜன்னலும் காந்தி படமும் சேர்மனும் சுற்றி வந்தார்கள், அந்த ஒரு சுற்றில் அவன் மனசு போய்விட்டது.

“பஸ் நிறுத்தம் பூரா நம்ம நிழல் உழணும்.”

“உழ வெச்சிடலாம் தலைவரே.”

“அந்த மூலைக் கம்பத்துல இருந்து ஆரம்பிச்சாதான் அளவு வருதுன்னு சொல்றாங்க. அங்க எதுவோ தகரம் இருக்குதாமே?”

எட்டியப்பன் இன்னொரு தடவை சுழன்றான். “அது நம்மளுதுதான் தலைவரே. எடுத்துக்கலாம்.”

சேர்மனின் பெயர் மட்டும் போதவில்லை, ஆகவே பட்டங்களை வரவழைத்தார்கள். மக்கள் காவலர், மண்ணின் மாமணி, கல்வித் தந்தை, கருணைப் பேராறு, வாழும் வரலாறு, வருங்காலச் சட்டமன்றம் என்று போர்டு நீண்டுகொண்டே போய் மூலைக் கம்பத்தில் ஆரம்பித்துக் கழிப்பறைச் சுவரில் முடிந்தது. எட்டியப்பன் தன் ஆயுசிலேயே சிறந்த ஷேடை அதற்குப் போட்டான். திறப்பு விழாவன்று நிழல் ஒரு திரை இறங்குவதைப்போல இறங்கியது, கூட்டம் ‘ஹா’ என்றது, அங்கே நின்ற பஸ்ஸுக்குள்கூடச் சில்லென்றது. கன்னியம்மாவின் தகரத்தைக் கழற்றி மடித்து, போர்டின் ஒரு கால் ஆடுகிறது என்று அதற்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார்கள். எட்டியப்பன் அதைப் பார்த்தான். மாலையோடு இருந்ததால் குனிய முடியவில்லை.

சேர்மன் நிழலுக்கு ஒரே ஒரு விதிதான்: அவர் அந்தப் பக்கம் வந்தால் நிழலில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் நின்றோம். வஜ்ஜிரவேலு மூட்டுவலியோடு நின்றார். ஜப்பார் பாய் தன் கடை நிழலில் இருந்தாலும் ஒரு மரியாதைக்கு நின்றார். கன்னியம்மா நிற்கவில்லை.

“இன்னாம்மா, காது கேக்கலையா? தலைவரு வர்றாரு” என்றான் கூட வந்தவன்.

“வரட்டும், வாணான்னா சொன்னேன்? மடியில மல்லாட்டை கீது. எழுந்தா கொட்டிப்பூடும். கொட்டனா உங்க தலைவரு பொறுக்குவாரா?”

சேர்மன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கூட வந்தவர்கள் சிரிக்காமல் கூடையைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். அவள் மடியில் இருந்ததைக் கூடையில் கொட்டினாள். கூடையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் மதகு ஓரம், எந்தப் பெயரும் எட்டாத ஒரு மொட்டை வெளியில் போய் உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மா சொன்னது ஊருக்கே தெரியும். நாங்கள் நிழலில் இருந்தபடியே, “வெயில்ல உக்காராதக்கா, ஒடம்புக்கு ஆவாது” என்று கை நீட்டிச் சொன்னோம்.

எட்டியப்பன் ஓடினான். முன்னதைவிடப் பெரிய தகரம் வெட்டி, பெயருக்கு முன்னால் உழைக்கும் மகளிர் திலகம் என்றெல்லாம் போட்டு எழுதி, ஒரு கழியில் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் தலைமேல் பிடித்தான். அவள் கூடையோடு நகர்ந்து வெயிலில் உட்கார்ந்தாள். அவன் கழியைச் சாய்த்தான், அவள் நகர்ந்தாள். இப்படியே மதகின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், நாங்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்தோம், யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம்கூட நடந்தது.

“ஏன்டி சாவற? உம் பேருதான்டி, படிச்சிப் பாரு.”

“எம் பேருதான். யாரு எழுதனது? நாளைக்கு எவனாவது சொயல்ற நாற்காலி போட்டான்னா இதயும் கழட்டிக் குடுப்ப. மொதல்ல பேர எழுதற, அப்பறம் பேருக்கு ஒருத்தன் வர்றான், அப்பறம் அவனுக்கு எழுந்து நிக்கணும். பேரே வாணாம் போ.” அவள் உதடு வெடித்திருந்தது. மல்லாட்டையை அளந்து போடும்போது பாதி கீழே சிந்தியது.

அவன் கழியிலிருந்து தகரத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். வாசலில் உட்கார்ந்து அதில் இருந்த எழுத்து மறைய வெள்ளை அடித்தான். நூல் பிடித்துக் கோடு போட்டான். எழுத வேண்டிய இடத்தை எழுதாமல் அப்படியே விட்டான். கறுப்பில் ஒரு துளி நீலம் விட்டு, இல்லாத எழுத்துகளுக்கு வலப்பக்கமாகக் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக, ஷேடு மட்டும் போட்டான். என்ன எழுத்து என்று யோசித்தால் கை தானாக அந்த எழுத்தின் வளைவுக்குப் போய்விடும் என்பதால் வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டான்: குழம்பில் உப்பு, ஏணியின் கீழ்ப்படி, அவள் உதடு. பெயிண்ட் காய்வதற்குள் எடுத்துக்கொண்டு வந்து மதகின் மேல் நிறுத்திக் கட்டினான்.

நிழல் விழுந்தது. அதற்கு எழுத்தின் வடிவம் இல்லாததால், சாலைப் பக்கம் தவிர, ஓரமும் இல்லை. எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மதகையும் வாய்க்காலையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள். “இன்னா எழுதிக் கீற?”

“ஒன்னும் எழுதல.”

“யாரு பேரு?”

“யாரு பேரும் இல்ல.”

அவள் கூடையை இழுத்து நிழலுக்குள் வைத்தாள். எட்டியப்பனும் குனிந்து உள்ளே வரப் பார்த்தான். “நீ எங்க வர்ற? அங்கியே நில்லு” என்றாள். நின்றான்.

இதுதான் ஊரைப் புரட்டிவிட்டது. ஒரு பெயரின் கீழே உட்கார்ந்தால் யாருக்கு வணக்கம் போடுவது, யாரைத் திட்டுவது என்று தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. முதலில் ஆடுகள் வந்தன, அப்புறம் லாரி க்ளீனர்கள், காலனிப் பிள்ளைகள், பெயர் கேட்டால் சொல்லப் பிடிக்காத சில பெண்கள். பிறகு ஜப்பார் பாய், யாரும் பார்க்காதபோது. பஸ் டிரைவர்கள் நிறுத்தத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டு மதகில் நிறுத்த ஆரம்பித்தார்கள். வஜ்ஜிரவேலு வெளியே நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அது தன் குலதெய்வத்தின் பெயர்தான், தனக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றார். ஜோசியர் அது மழையின் பெயர் என்றார். ஒவ்வொருத்தருக்கும் அவரவர் பெயராகத் தெரிந்தது, உள்ளே போய் உட்கார்ந்ததும் தெரியவில்லை.

கடைசியில் சேர்மனே வந்தார். வெயிலில் நின்று, கையைப் புருவத்தின்மேல் வைத்து நிதானமாக வாசித்தார். “நம்ம பேருதானே ஓவியரே? துவா வரைக்கும் தெரியுது. எழுத்தையும் போட்டு முடிச்சிடுங்க.”

அப்போதுதான் ஷேடுக்கு இன்னொரு கை போட்டு முடித்திருந்த எட்டியப்பன் கையில் பிரஷ் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அவன் கை ஊறியது. அத்தனை அழகாக ஷேடு விழுந்து எழுத்துக்காகக் காத்திருக்கிற இடத்தை எந்தப் பெயிண்டரும் சும்மா விடமாட்டான். கன்னியம்மா கடலையில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. “எழுதுய்யா” என்றாள். “உங் கைதானே.”

அவன் பிரஷ்ஷைத் தூக்கினான். வைத்தான். “ஷேடு இன்னும் காயல தலைவரே” என்றான். “ஈரத்து மேல எழுதனா பேரு கலங்கிப்பூடும்.”

சேர்மன் விரலை நீட்டினார்.

“ரைட்டு கையால தொடாதீங்க சார்” என்றாள் கன்னியம்மா, இப்போதுதான் நிமிர்ந்து, அக்கறையாக. “சோறு துன்ற கை. பெயிண்டு வெசம். லெஃப்ட் கையால தொட்டுப் பாருங்க.”

இடது கை ஆள்காட்டி விரலால் தொட்டார். ஈரம்தான், நகம் வரைக்கும் கறுப்பு ஒட்டிக்கொண்டது. “சரி, காயட்டும்” என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் எட்டியப்பன் வந்து அதே ஷேடின் மேல் இன்னொரு கை போட்டுவிட்டுப் போவான். தினமும் சேர்மனோ, சேர்மனின் ஆட்களோ, அவர் மைத்துனரோ, தன் குலதெய்வத்துக்காக வஜ்ஜிரவேலுவோ, அவரோடு பெரிய தெருவோ வந்து, இடது கை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். “காயலயா?” “காயல தலைவரே, நீலம் கொஞ்சம் தூக்கலாப் பூட்டுது.” நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எதற்கும் போகவில்லை, போகவேண்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை, தலைவருக்காகத் தொட்டுப் பார்த்த விரல் என்று ஒருத்தருக்கொருத்தர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

தேர்தலன்று பெரிய தெரு முழுவதும் குளித்து விபூதி பூசி, சேர்மனை முன்னால் விட்டு, வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி சேர்மனின் இடது கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“நீங்கதான் ஏற்கெனவே போட்டுட்டீங்களே சார்.”

“யோவ், நான் சேர்மன்யா!”

“அதான் சார். நீங்களே இப்படி ரெண்டாவது தடவை வந்தா எப்படி? நெக்ஸ்ட்.”

அடுத்தவருக்கும் அதே விரல். அதற்கடுத்தவருக்கும். மைத்துனருக்கு விரலோடு வேட்டியிலும் இருந்தது. இத்தனை பேர் சேர்ந்து கள்ள ஓட்டுப் போட வந்திருக்கிறார்கள் என்று அதிகாரி போலீஸைக் கூப்பிட்டார். காலனியும், லாரி க்ளீனர்களும், பெயர் சொல்லப் பிடிக்காத பெண்களும் சுத்தமான விரலோடு போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு அந்த ஷேடைத் தொட்டுப் பார்க்க எந்தக் காரணமும் இருந்ததில்லை.

துவாரகநாதன் தோற்றார். நிறுத்தத்துப் போர்டைப் புதிதாக வந்தவரின் ஆட்கள் இறக்கிக் கழிப்பறைக்குப் பின்னால் குப்புறப் போட்டிருக்கிறார்கள், அங்கே இப்போது புல்லுக்கு நல்ல நிழல். புதிய சேர்மன் ஒரு பெண், வக்கீலுக்குப் படித்தவர், பட்டங்கள் பிடிக்காது என்று மேடையிலேயே சொன்னவர், அந்தப் பேச்சுக்குக் காலனிதான் முதலில் கைதட்டியது. பதவியேற்ற மறுவாரம், மாலையில்லாமல், தனியாக, குடை பிடித்துக்கொண்டு மதகுக்கு வந்தார். கன்னியம்மா நிழலின் நடுவில் இருந்தாள், எட்டியப்பன் சாலைப் பக்க ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இடுப்பு வரைக்கும் நிழல் அனுமதித்திருந்தாள், தலை வெயிலில் இருந்தது.

புதிய சேர்மன் குடையை மடக்கினார். தகரத்தைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார், பிறகு இந்தப் பக்கம் சாய்த்தார், முகத்தில் மெல்ல ஒரு வெட்கம் வந்தது.

“ஏங்க அக்கா,” என்றார், “இது யார் பேருங்க?”

கன்னியம்மா படியில் மல்லாட்டையைக் குவித்து அவரிடம் நீட்டினாள்.

“காயட்டும்மா, சொல்றோம்” என்றாள். “அதுக்குள்ள தொட்டு கிட்டு வெச்சிடாத.”